எழுத்தாளரை மீன்பட்டிக்குள் கூட்டிப்போன கதை

ஒரு புத்தகத்தில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனிதனை எந்த அளவுக்கு முட்டாளாக்கும் என்பதற்கு நானே சாட்சி. நூலகத்தில் வேலை செய்பவனுக்கு அந்த ஆசை இரட்டிப்பு. நாள் முழுக்க மற்றவர்களின் பெயர்களைத்தானே தூசி தட்டுகிறோம்!

அந்தப் பயண எழுத்தாளரின் ஏழு புத்தகங்களும் எனக்கு மனப்பாடம். பாலைவனத்தில் வழி தவறுவார், பனிமலையில் மோட்டார் சைக்கிளோடு உருளுவார், ஒவ்வொரு புத்தகத்திலும் மூன்று தடவையாவது சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்புவார். வழியில் உதவிய ஒருவரையும் மறக்கமாட்டார். ஒட்டகக்காரர் ஒருவரின் மூக்குக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார். எனக்கு நாலு வரியில் ஒரு பந்தி கிடைத்தாலே போதும் என்றிருந்தேன்.

எட்டாவது புத்தகத்துக்காக அவர் நம் கரையோரம் வருகிறார் என்று தெரிந்ததும் மின்னஞ்சல் போட்டேன். 'புத்தளம் களப்பை என் உள்ளங்கை போல அறிவேன். நானே படகில் கூட்டிப்போகிறேன்.' (களப்பு என்கிற அந்தக் கடல்நீர் ஏரியை நான் அறிந்தது பஸ் யன்னல் வழியாக.)

படகு என் மனைவி பரீனாவின் தம்பி ரிஸ்வானுடையது. கற்பிட்டியில் பிறந்த மீன்பிடிக் குடும்பம்.

"நான் ஓட்டுறன் மச்சான். நீங்க அவரோட கதைச்சிக்கிட்டு இரிங்க" என்றான்.

அவன் வந்தால் அவன் பெயரும் அல்லவா புத்தகத்தில் வந்துவிடும்? "தேவல்ல, நானே பாத்துக்குறன்" என்றேன்.

"இவருக்கு இஞ்சின நிப்பாட்டத் தெரியுமாண்டு கேளு" என்றாள் பரீனா உள்ளேயிருந்து.

களப்பு அன்று அசையாமல் கிடந்தது. நான் ஒல்லாந்தர் கோட்டை, உப்பளம், கண்டல் காடு என்று ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். குறிப்புப் புத்தகம் மட்டும் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது.

அப்போதுதான் தண்ணீரில் நீளமாக நட்டிருந்த கம்பு வரிசையைக் கண்டேன்.

"அந்தா பாருங்க சேர், படகுகளுக்கு வழி காட்ட நட்டிருக்காங்க" என்று கம்புகளை ஒட்டியே ஓட்டினேன். வரிசை வளைந்தது, நானும் வளைந்தேன். ஒரு ஒடுக்கமான வாசல் வந்தது. திறமையாக நுழைந்தேன். இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. சுற்றிலும் வட்டமாகக் கம்பும் வலையும்.

"இது என்ன இடம்?" என்றார் எழுத்தாளர்.

"ஆறுதலா நிக்கிற இடம் சேர்" என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு மணலை மீன் துள்ளி அவர் மடியில் விழுந்தது.

வேறு வழியில்லாமல் பரீனாவுக்குப் போன் பண்ணி, நிற்கும் இடத்தின் அடையாளமும் சொன்னேன். "சுத்திவர வேலி. உள்ளுக்கு மீன் பாயிது."

"அது எங்கட மாமாட மீன்பட்டி. ஒண்டையும் புடுங்கிப் போடாம சும்மா இரிங்க" என்றாள்.

அரை மணித்தியாலத்தில் தம்பியோடு இன்னொரு படகில் வந்தாள். அபாயாவின் கையை மடித்துவிட்டு, எங்கள் படகுக்குத் தாவி, குனிந்து, இஞ்சின் விசிறியில் சுற்றிய வலையைக் கத்தியால் அறுக்கத் தொடங்கினாள். படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

"இதுக்குள்ள மீன் எப்பிடிம்மா வருது?" என்று எழுத்தாளர் கேட்டார்.

"நேரா வார மீன் இந்த வேலியில முட்டும் சேர். முட்டினா ஆழத்துப் பக்கம் திரும்பி, வேலி ஓரமாவே போவும். வாசலக் கண்டதும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி உள்ளுக்குப் பூரும். பொறகு வெளிய வரத் தெரியாம சுத்திக்கிட்டு இரிக்கும்." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"உங்கட பெயர் என்னம்மா?"

அடுத்த வருடம் எட்டாவது புத்தகம் தபாலில் வந்தது. பார்சலை வாசலிலேயே பிரித்தேன். 'பரீனாவின் வேலி' என்று ஒரு முழு அத்தியாயம், பதினொரு பக்கம். அவள் கத்தி பிடித்த விதம், வலையின் கண்ணளவு, அவள் சிரிப்பு, எல்லாம் இருந்தது. என் பெயரை முதலில் வேகமாகத் தேடினேன், பிறகு வரிவரியாகத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் அகப்பட்டது: 'நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது, உடன் வந்த ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.'

வலித்தது. இரண்டு நாள் கறியில் உப்பு காணாது என்று பரீனாவோடு சண்டை பிடித்தேன். (உப்பு விளையும் புத்தளத்தில் இருந்துகொண்டு!) மூன்றாம் நாள் அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்தபோது, மனுஷன் ஒரு சொல்கூடப் பிழையாக எழுதவில்லை என்று தெரிந்தது. அது இன்னும் வலித்தது.

போன மாதம் ரிஸ்வானின் மகளுக்குக் கலியாணம். எங்கள் வீட்டுக்கென்று மட்டும் ஓர் அழைப்பிதழைத் தனியாக அச்சடித்திருந்தான்: 'பரீனா அவர்களும் உடன் வரும் ஒருவரும்.' வீடே உருண்டு சிரித்தது. அதை நான் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அச்சில் என் பெயருக்கு ஆகக் கிட்ட வந்தது இதுவரைக்கும் அதுதான்.