அப்டேட் செய்த சாம்பியன்

தன் வீரத்தை மனைவிக்கு நிரூபித்தே தீருவது என்று லிஃப்ட் மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தார். கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவரும் வீரம் அது. கல்யாணத்துக்கு முன், மாமனார் நடத்திய வீடியோ கேம் கடையில், காசு போட்டு ஆடும் விண்கப்பல் ஆட்டத்தில், இவர் ஸ்கோரை யாரும் தாண்டியதில்லை. மனைவி அப்போது கல்லாவில் உட்கார்ந்து சில்லறை மாற்றிக் கொடுப்பாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு, வாழ்க்கையில் அந்த ஒரு முதலிடமாவது நிஜந்தானா என்ற சந்தேகம் அவரை அரித்தது.

அந்த ஆட்டத்தின் பழைய ஃபைல் எங்கோ கிடைத்தது. பழைய மெஷினைப் போல நடித்து அதை ஓட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருளையும் கணினியில் ஏற்றினார். எதையும் தொடுமுன் அப்டேட் செய்வது அவர் குணம். செய்தார். ஆட்டம் திறக்கவில்லை. சில ஃபைல்களைக் காணோம் என்றது திரை.

"என்னங்க, கப்பல் கிளம்பலையா?" துணி மடித்துக்கொண்டே கேட்டாள் மனைவி.

"ஃபைல் கெட்டுப்போச்சு."

"ஃபைல் நல்லாத்தான் இருக்கும். எமுலேட்டர் எந்த வெர்ஷன்?"

"போன வாரம் வந்தது. புத்தம் புதுசு."

"சரியாப்போச்சு. மாமியார் அடுக்கின அலமாரியில புது மருமக உப்பைத் தேடற கதை. வெர்ஷன் மாற மாற ஃபைலையும் மாத்தி அடுக்குவாங்க. அடுக்கினவங்களையே கூப்பிடுங்க. ஃபைல் வந்த வருஷத்து எமுலேட்டரை இறக்குங்க."

இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இறக்கினார். கப்பல் கிளம்பியது. அந்தப் பழைய 'கீங்' சத்தம் கேட்டது. கடையின் மங்கல் விளக்கு, வியர்வையில் வழுக்கும் சிவப்புப் பொத்தான், கல்லாவிலிருந்து தன்னையே பார்ப்பதாக அவர் நம்பிய கண்கள். எல்லாம் திரும்பி வந்தன. கடைசி உயிர் போவதற்குள் பழைய ஸ்கோரைத் தொட்டுவிட்டார்.

"பாத்தியா? கடையில யாராவது இதைத் தாண்டினாங்களா?"

"கொஞ்சம் தள்ளுங்க."

தோளில் மடிக்காத துண்டோடு உட்கார்ந்தாள். முதல் உயிரிலேயே அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் திரைப்பக்கம் குனிந்தார். "எப்போ பழகின?"

"என் லேப்டாப்புல ரொம்ப வருஷமா ஓடுது. நான்தான் எதையும் அப்டேட் பண்றதில்லையே."

"அப்போ கடையில? தினமும் என் பேர்தானே முதல்ல இருந்தது?"

"கடை மூடும்போது நான் ஒரு ஆட்டம் ஆடி உங்களைத் தாண்டுவேன். அப்புறம் ப்ளக்கைப் பிடுங்கிடுவேன். கரண்ட் போனா அந்த மெஷினுக்கு யார் ஸ்கோரும் ஞாபகம் இருக்காது."

"ஏன் பிடுங்கின?"

"ரெண்டாவது இடம்னு தெரிஞ்சா மறுநாள் வந்திருப்பீங்களா?"

அவர் மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு சொன்னார்:

"நான் எங்க ஆட வந்தேன்? உன்னைப் பாக்கத்தானே வந்தேன்."

துண்டை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அவ்வளவு சில்லறையும் மிச்சமாயிருக்கும்."