உங்கள் மாப்பிள்ளையின் மேல்பயிற்சி

பழனியாண்டவர் துணை

கொடைக்கானல்,
8-9-1964, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் சேனாதிபதி அவர்களுக்குத் தங்கை வடிவு வணங்கி எழுதுவது. இங்கே குளிரைத் தவிர வேறு குறையில்லை. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் வாழைக்காய் மண்டியும் சுகமென்று நம்புகிறேன்.

காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் உங்கள் மாப்பிள்ளை தகரப் பெட்டியோடு மலையிறங்கி வருவார். வத்தலக்குண்டில் பஸ் உங்கள் மண்டிக்கு எதிரேதான் நிற்கும். அவரைக் கீழே இறக்கி, நல்ல வார்த்தை நாலு சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே இங்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். பதினாலு வருஷமாகப் பழனி ஆஸ்பத்திரியில் முடங்கின கைகால்களுக்குக் கரண்ட் பெட்டியும் மணல் மூட்டையும் வைத்துப் பயிற்சி கொடுத்து வருகிறவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியும். இனிமேல் வெறும் கையாலேயே எலும்பு மூட்டைத் தடவிப் பார்த்து இளக்குகிற புது முறையையும் படித்தால்தான் மேல் பதவி என்று சொல்லி, மூன்று வார மேல்பயிற்சிக்கு இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தனியாக விட்டால் குளிருக்குப் பயந்து போர்வைக்குள்ளேயே பட்டினி கிடப்பார் என்று நானும் கூட வந்தேன். பாடம் சொல்லிக்கொடுப்பது சுவீடன் தேசத்து எல்சா அம்மா. அறுபது வயதிருக்கும், ஒல்லியான தேகம், நல்ல தமிழ். ஆனால் எல்லோரையும், வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட, 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அந்த அம்மா, "என் தோளைத் தொட்டுப் பாருங்கள், என்ன தெரிகிறது?" என்று கேட்டிருக்கிறார். தொடச் சொன்னால் தொட வேண்டியதுதானே. இவர் பழனியில் லாரி டிரைவர்களைப் பிடிக்கிற பிடியைப் பிடித்துவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "ஞானவேல், உங்கள் பலம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் தோள் உங்களுக்குத் தெரிந்ததா?" என்றாராம்.

இதில் நான் எப்படி நுழைந்தேன் என்றால், வகுப்பில் இரண்டு நர்சுகள் இருக்கிறார்கள். அவர்கள் பழகிப் பார்க்க ஒரு பெண்ணுடம்பு வேண்டும். வருவதாகச் சொன்னவளுக்குக் காய்ச்சல். அவர்களில் சுந்தராம்பாள் என்ற மதுரைப் பெண் எங்கள் அறைக்கு வந்து, "அக்கா, சும்மாதான இருக்கீங்க, வெரசா வந்து கொஞ்ச நேரம் குப்புறப் படுங்க, வேற சோலி ஒண்ணுமில்ல" என்றாள். போய்ப் படுத்தேன். உடம்புதான் குப்புறப் படுத்தது, காது படுக்கவில்லை அண்ணா. தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே உருண்டையாகத் தட்டுப்படுகிறதே, அது கழுத்தின் ஏழாவது எலும்பாம். உங்களுக்கும் இருக்கும், தடவிப் பாருங்கள். நாம் கையைப் பக்கவாட்டில் மேலே தூக்கும்போது தோளுக்குள்ளே எலும்பின் உருண்டை கீழ்ப்பக்கமாகச் சறுக்குகிறதாம். இதை என்னால் நம்ப முடியவில்லை. அறைக்கு வந்து ஒரு பிளம்ஸ் பழத்தைச் சிரட்டையில் வைத்து உருட்டிப் பார்த்தேன். மேலே உருளுகிற பழம் கீழே சறுக்கவும் செய்தால்தான் சிரட்டைக்குள் நிற்கிறது, இல்லாவிட்டால் விளிம்பில் ஏறி முட்டிக்கொள்கிறது. நாற்பது வருஷமாக இந்தத் தோளை வைத்துத்தான் தண்ணீர் இறைத்திருக்கிறேன், உள்ளே இப்படி ஒரு வேலை நடப்பது தெரியாது.

பிறகு தலைமுடிப் பாடம் வந்தது. நோட்டுத் தாளுக்கு அடியில் ஒரு முடியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலே விரலால் தடவி முடி எங்கே கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். தெரிந்தால் இன்னொரு தாள் கூட்ட வேண்டும். சாயங்காலமானால் இவர் என் தலையில் ஒரு முடியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு தாள்வரைக்கும் தெரிந்தது. இரண்டாவதில் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது. விளையாட்டாக நானும் தடவினேன். ஏழு தாள்வரைக்கும் தெரிந்தது. "நீ ஓரக்கண்ணால பாக்குற" என்று என் கண்ணில் துண்டைக் கட்டினார். எட்டுத் தாள்.

நேற்றுத்தான் வினை. நடுத் தேர்வு. இரண்டு வருஷமாகக் கையைத் தூக்க முடியாத வாட்ச்மேன் ராமரை உட்காரவைத்து, மூட்டு எந்தப் பக்கம் இளக மறுக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். இவர் கையைப் பிடித்து நேரே மேலே தூக்கினார். ராமர், "ஐயா, கையை மட்டும் என்கிட்டயே விட்டுட்டுப் போங்க" என்றார். பின்வரிசைப் பாயில் படுத்திருந்த நான், "மேல தூக்காதீங்க, உருண்டையைக் கீழ தள்ளணும்ங்க" என்றேன். மனசுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

அறைக்கு வந்ததும் இவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, "பெரும்பாறைத் தோட்டத்துல இருந்து பிச்சையம்மான்னு ஒருத்தி வந்தா, தோள் வலின்னு. நான் தூக்குன தூக்குல அழுதுக்கிட்டே போனவ, திரும்பி வரவே இல்ல. பதினாலு வருசமா நான் இப்பிடித்தான வடிவு புடிச்சிருக்கேன்" என்றார். பயிற்சி வேண்டாமென்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ் என்றார். மேல் பதவி போனால் போகட்டும். இந்த மனசோடு ஊருக்கு வந்தால் இனி யார் கையையும் தொட மாட்டார். நான் சொன்னால் குத்திக் காட்டுவது போலாகும். நீங்கள் சொன்னால் கேட்பார். கைவிட்டுவிடாதீர்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல புத்தியோடும் நோய் நொடி இல்லாமலும் வளர வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் தங்கை
வடிவு

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை, தபால் ஆபீசுக்குப் போக முடியவில்லை. அதற்குள் மேலே எழுதியது அத்தனையும் மாறிவிட்டது. புதன்கிழமை வெள்ளனே என்னை எழுப்பி, "அந்தக் கீழ தள்ளுறது எப்பிடின்னு ஒரு தடவை காட்டு" என்றார். என் தோளில் ஒரு மணி நேரம் பழகினார். வலித்தது, பிறகு வலிக்கவில்லை, பிறகு தூக்கமே வந்துவிட்டது. வியாழக்கிழமை வகுப்பில் இவர் அப்படியே கீழே தள்ளி இளக்கிவிட்டதும் ராமர், தலைத் தொப்பியைத் தானே கழற்றி, தானே போட்டுக்கொண்டார். அதையே நாலைந்து முறை செய்துகொண்டிருந்தார். எல்சா அம்மா இவரைப் பார்த்து, "இப்போது தோள் உங்களுக்குத் தெரிகிறது" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பெண்கள் வார்டில் உதவியாக இருந்து இந்த வேலையைப் பழகிக்கொள்ள மூன்று மாதம் தங்குகிறீர்களா என்று கேட்டார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். படுக்கப் போகும்போது, "நான் போய் வேலையில சேர்றேன். நீ இருந்து படி. வந்து எனக்கும் சொல்லிக்குடு. ஆனா ஊர்ல கேட்டா உனக்கு உடம்புக்கு முடியல, ஆஸ்பத்திரியில இருக்கன்னுதான் சொல்லுவேன்" என்றார்.

அதனால் நாளைக்கு அவர் வரவில்லை. பயிற்சி முடிந்து அடுத்த சனிக்கிழமை தனியாக வருவார். திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்பார், நீங்களும் பதறுவது போலக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பொய் அவர் வாயில் அஞ்சு நிமிஷத்துக்குமேல் நிற்காது. என்னைப் பற்றிய உண்மையை அவரே பெருமையாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் இலை போடச் சொல்லுங்கள்.