மச்சினனுக்கு ஒற்றைக் கோடு

"மாமா, கிட்ட வராதீங்க. எனக்கு நுரையீரல்ல தொற்றாம்."

மச்சினன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டபோதே டிக்கெட் பரிசோதகருக்குப் பொறி தட்டியது. பஸ்ஸில் தூங்குவதுபோல் நடிக்கிறவர்களைப் பிடித்தே பழகியவர் அவர். நோயாளி முகமா அது? கன்னம் தக்காளி மாதிரி இருந்தது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அக்கா கையால் சூடாகச் சாப்பிடத் திட்டம்!

மருந்துக்கடையில் சோதனைப் பெட்டி வாங்கிவந்தார். மச்சினன் மறுபேச்சில்லாமல் மூக்கைக் காட்டினான். ஒரே கோடு.

"பார்த்தியா! நோயும் இல்ல, நொடியும் இல்ல!"

மனைவி கடைக்காரருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நோய் இருக்கிற நூறு பேர்ல எழுபது பேரைத்தாம்மா அது பிடிக்கும். முப்பது பேரைக் கோட்டை விட்டுடும்."

"கேட்டீங்களா? என் தம்பி அந்த முப்பதுல ஒருத்தன்."

"பெட்டி நல்ல பெட்டிதான். நோயில்லாத எனக்கு என்ன காட்டுதுன்னு பாரு!" வீம்புக்குத் தன் மூக்கிலும் குச்சியை விட்டார்.

இரண்டு கோடு.

"பெட்டி பொய் சொல்லுது!"

"அப்போ என் தம்பிக்குக் காட்டினதும் பொய்தானே?"

"சரி, நிஜம்தான்னு வெச்சுக்கோ."

"அப்போ உங்களுக்கு நோய்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சந்து. மறுபடியும் கடைக்காரர்.

"நோய் இல்லாத நூறு பேர்லயும் ரெண்டு பேருக்கு 'இருக்கு'ன்னு தப்பாக் காட்டும் சார்."

"அந்த ரெண்டுல ஒருத்தன் நான்!"

"தெருவுல சும்மா போறவருன்னா அப்படி நம்பலாம். நீங்க போனை எடுத்ததுலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கீங்களே?"

"அது பஸ் புழுதி!"

மச்சினன் குச்சியை மாற்றியிருப்பானோ? விடக்கூடாது. அக்காவையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கே போனார். அங்கிருந்த பெண் அவர் சளியை மட்டும் வாங்கி உள்ளே போனாள்; மச்சினனை ஏறிட்டும் பார்க்கவில்லை. காத்திருந்த நேரமெல்லாம் அவர் அவன் கைகளையே கண்காணித்துக்கொண்டிருந்தார்.

"தொற்றுதான் சார். ஆரம்பம்தான், பயப்படாதீங்க. மாத்திரையில சரியாயிடும்."

அவர் விரல் மச்சினனை நோக்கி நீண்டது. "இவன்தான் எனக்கு ஒட்டவெச்சான்! இவனுக்கு ஏன் எடுக்கலை?"

"அவருக்குப் போன வாரமே பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. 'இருமலுக்குப் பார்க்கலாம்னு கூப்பிட்டா வரமாட்டார், தம்பிக்கு நோய்னு சொன்னா பொய்யின்னு நிரூபிக்கவாவது வந்துடுவார்'னு உங்க வீட்டம்மாதான் சார் சொல்லிட்டுப் போனாங்க."