ஆறு ஓம் பொருத்தம்

தாளித்த கறிவேப்பிலை வாசத்தோடு இன்னொரு வாசமும் கலந்து வந்தபோதுதான், தீய்வது அடுப்பில் இருக்கும் சட்டி அல்ல என்று பவுலினாவுக்கு விளங்கியது. பக்கத்துச் சின்ன அறைக்கு ஓடினாள். பாட்டுக் கேட்கும் ரிசீவர் பெட்டியின் மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் பெட்டி 'டப்' என்று ஒரு சத்தம் போட்டது. பாடிக்கொண்டிருந்த பெண்குரல் பாதிச் சொல்லில் நின்றுபோனது.

"என்ன பவுலி, கருகுது?" முன்னறையிலிருந்து கணவன் பாக்கியநாதன் கேட்டார்.

"கறிதாங்க, கறி."

பவுலினா நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு இருபத்திரண்டு வருடமாக மருத்துவிச்சி. தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் பார்த்த முகம் அவளுடையது. பாக்கியநாதன் தோட்டப் பாடசாலையில் மாஸ்டர். தோட்ட ஆபீசுக்குச் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

அந்த வீட்டில் இரண்டு செட்டு. முன்னறையில் இருப்பது மாஸ்டருடையது. செய்தி, கிரிக்கெட், மறுபடியும் செய்தி. குசினிக்குப் பக்கத்து அறையில் அரிசி டிரம்முக்கு இரண்டு பக்கமும் நிற்கிற மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் பவுலினாவுடையவை. நாள் முழுக்கப் பிரசவ வலியில் கத்துகிறவர்களையும் பிறந்தவுடன் கத்துகிறவர்களையும் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, அங்கே ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால்தான் மறுநாள் வேலைக்குப் போகத் தெம்பு வரும்.

"ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்புதானே இருக்கு? செட்டு மட்டும் எதுக்கு ரெண்டு?" என்று மாஸ்டர் வருடத்துக்கு நாலு முறையாவது கேட்பார். அதனால் புது ரிசீவர் வாங்குகிற பேச்சு அவர் காதுக்குப் போகவே கூடாது என்று பவுலினா அன்றைக்கே முடிவு செய்தாள்.

பதுளையில் ஒரு ரேடியோக் கடையில் வேலை செய்யும் தம்பி ரொஷானிடம்தான் யோசனை கேட்டாள். மலைக்குள் போன் பேச்சு அடிக்கடி அறுந்துவிடும். அதனால் அக்காவும் தம்பியும் குரல்பதிவு அனுப்பித்தான் பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, மூணு இருக்கு. ஒண்ணு பழைய ஜப்பான் ரிசீவர். சத்தம் தேன் மாதிரி. ஆனா அது நூறு வோல்ட். தனியா ஒரு டிரான்ஸ்போமர் வேணும், ரெண்டையும் தூக்க ரெண்டு ஆளு வேணும். அடுத்தது ஹோம் தியேட்டரு. அஞ்சு ஸ்பீக்கரு, கலர் கலரா லைட்டு."

"டேய், எனக்குத் தியேட்டர் வேணாம். இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரு பாடினாப் போதும். குறைஞ்ச விலையில சொல்லு."

"அப்ப மூணாவதுதான். புதுசு, சின்னது, புளூடூத். போன்லேருந்து வயரில்லாமப் பாட்டு வரும். இப்ப இந்தப் பக்கம் எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க."

பவுலினா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மூன்றாவதைச் சொன்னாள். அதோடு ஒரு பதிவும் அனுப்பினாள்.

"ரொஷான், நல்லாக் கேட்டுக்க. பெட்டி மேல கிளினிக் சாமான்னு பெருசா எழுதி பஸ்ஸுல போடு. அந்த மனுசன் கேட்டா, பிள்ளைங்க நிறுக்கப் புதுத் தராசு வந்திருக்குன்னு சொல்லிக்கிறேன். சாமிக்குப் பயந்த ஆளு, ஒத்த வார்த்தையில நம்பிருவாரு."

புதன்கிழமை பெட்டி வந்தது. மாஸ்டர் தராசை நம்பினார். "ஆஸ்பத்திரிக்கு இப்பவாவது நல்ல சாமான் குடுக்கிறாங்களே" என்று சந்தோஷமும் பட்டார். பவுலினாவுக்கு நெஞ்சு கொஞ்சம் குறுகுறுத்தது.

நாலு மணிக்கு அவர் வெளியே போனதும் வயர்களைப் பூட்டி சுவிட்சைத் தட்டினாள். நீல விளக்கு எரிந்தது. போனில் ரொஷான் சொன்ன பேர் வந்தது, தொட்டாள், 'இணைந்தது' என்று காட்டியது. டேட்டா முடிந்திருந்ததால் பாட்டுப் போட வழியில்லை. கைக்கு அகப்பட்ட குரல்பதிவைத் தட்டினாள். அது தராசுக் கதை சொன்ன அவளுடைய பதிவேதான்.

சத்தமே இல்லை. போனிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. கடைசி வரை கூட்டினாள். மூன்று தடவை போட்டாள். ஸ்பீக்கருக்குள் காதை வைத்துப் பார்த்தாள். ஊமை.

மறுநாள் காலை கிளினிக்கில் குழந்தையோடு வந்த லெட்சுமி, அவளைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். லெட்சுமி மேல்மலையில் கொழுந்து எடுக்கிறவள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மிஸ். புதுத் தராசு வந்துருச்சாமே?"

பவுலினா கையிலிருந்த ஊசிமருந்துக் குப்பியை மேசையில் வைத்தாள். "யாரு சொன்னா?"

"தோட்டத்துக்கே தெரியுமே மிஸ். ஐயா பாவம், சாமிக்குப் பயந்தவரு." வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

பவுலினா வீட்டுக்கு வந்ததும், பேச்சு அந்த ஊமைப் பெட்டிக்குப் போய்விடக் கூடாதென்று புளூடூத்தை அணைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் தம்பியை அழைத்தாள்.

"டேய், என் பதிவை யாருக்குடா அனுப்பினே?"

"நான் எதுக்குக்கா அனுப்புறேன்? செட்டு வேலை செய்யுதா, அதைச் சொல்லுங்க."

"செத்துக் கிடக்கு."

"சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. சரிவரலைன்னா நாளைக்கே வேற பெட்டி அனுப்புறேன்."

அன்றைக்கும் நாலு மணிக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த முறை கொஞ்சம் நீளமான பதிவு. விலை பேசியபோது தம்பிக்கு அவள் அனுப்பியது: "பெட்டியில நூறு வாட்ஸ்னு போட்டிருக்கும், உள்ள இருபதுதான் இருக்கும். எனக்குத் தெரியாதா? நம்ம கணக்கப்பிள்ளை சிவஞானம் சாக்குக்கு ரெண்டு கிலோ வெட்டிட்டு மிச்சத்தை எழுதுற மாதிரி வேலை எங்கிட்ட வேணாம்."

ஐந்து தடவை போட்டாள். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தால் சிவஞானம் நிற்கிறார். மத்தியானமும் நாலு மணிக்கும் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிறவர். இருபது வருடமாக யாருக்கும் தலை வணங்காத மனுசன், தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மிஸ், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இனிமே அரைக் கிலோகூட வெட்ட மாட்டேன். நேத்தே எல்லாருக்கும் சரியா எழுதிட்டேன். நீங்க இதோட நிறுத்திக்கங்க. ஒரு தடவை சொன்னாப் பத்தாதா? அஞ்சு தடவையா?"

பவுலினா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து தடவை! கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுத்தானே போட்டாள்? அவளுக்கே கேட்காதது இந்த மனுசனுக்கு எப்படிக் கேட்டது? எண்ணிக்கை வேறு சொல்கிறாரே!

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும் மிஸ்?" என்றார் சிவஞானம், அழாத குறையாக. படியிறங்கிப் போய்விட்டார்.

பவுலினா அறைக்குள் போய் சுவரைத் தட்டிப் பார்த்தாள். டிரம்முக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு பல்லிதான் இருந்தது.

மத்தியான பஸ்ஸில் மாற்றுப்பெட்டி வந்தது. அதே ரகம், அதே நீல விளக்கு, போனில் அதே பேர். இந்த முறை தன் குரலே வேண்டாம் என்று ரொஷான் அனுப்பிய பதிவைப் போட்டாள். ரிசீவர் சம்பந்தமான பேச்சுத்தானே, யாருக்குக் கேட்டால் என்ன?

அந்தப் பதிவின் முதல் பாதிதான் அவளுக்கு ஞாபகம் இருந்தது: "அக்கா, உங்க ஸ்பீக்கர் ரெண்டும் ஆறு ஓம். ரிசீவரும் அதுக்குப் பொருத்தமா இருக்கணும், இல்லாட்டிப் புகைஞ்சிரும்." அதற்குப் பிறகும் அவன் பேசியிருந்தான்: "ரிசீவருக்கு இவ்வளவு பொருத்தம் பாக்குறீங்க, தம்பிக்குப் பாக்க மாட்டேங்கிறீங்களே. பிள்ளைக்காம்பராவுல தோட்டத்துப் பிள்ளைங்களைப் பாத்துக்கிற அனுஷ்காவைக் கேளுங்கன்னு ஆறு மாசமாச் சொல்றேன். அவங்க அம்மா வாய்க்குப் பயந்துதான் நீங்க போகலைன்னு எனக்குத் தெரியும்."

மாற்றுப்பெட்டியும் ஊமையாகவே இருந்தது. நாலு தடவை போட்டுவிட்டு வெறுத்துப்போய் எழுந்தாள்.

கால்மணி நேரம் போகவில்லை. அனுஷ்காவின் அம்மா மரியபுஷ்பம் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், என் வாய் அவ்வளவு பெருசா?"

பவுலினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மரியபுஷ்பம் உட்காரவில்லை.

"மூணு மலைக்கும் தெரியுது, பெத்தவளுக்கு மட்டும் தெரியல. அத்தனை பொம்பளைங்க நடுவுல நான் எங்கே மூஞ்சியைக் கொண்டுபோய் வைக்கிறது? பொண்ணு கேக்கிறதுன்னா நாலு பேரு முறையா வந்து கேக்கணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாங்க. என் வாய் உங்களை ஒண்ணும் கடிச்சிராது."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள். கோபமாகத் திட்டினாளா, சம்மதம் சொன்னாளா என்று பிரிக்க முடியாமல் பவுலினா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பாக்கியநாதன் பாடசாலையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பவுலினாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. அவளுடைய போனைத் தொடக்கூடிய இன்னொரு ஆள் இந்த வீட்டில் யார்?

"நீங்கதானே! எல்லாம் நீங்கதானே!" என்று பாய்ந்தாள். "என் போனை எடுத்துக் கேட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. ஒரு ரிசீவர் வாங்கினது அவ்வளவு பெரிய குத்தமா?"

பாக்கியநாதன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "எந்த ரிசீவர்?"

சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தால் பவுலினா போட்டிருப்பாள்.

அவர் மெதுவாகச் சின்ன அறைக்குள் போனார். நீல விளக்கோடு ஒரு பெட்டி, அதற்குப் பக்கத்தில் விளக்கில்லாமல் அதே மாதிரி இன்னொரு பெட்டி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இதுவரைக்கும் எத்தனை பிள்ளையை நிறுத்திருக்கே?" என்று கேட்டார்.

பிறகு முன்னறைக்குப் போய்ச் செய்தியைச் சத்தமாக வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று பவுலினாவுக்கு இருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே ரொஷான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். பெட்டியைக் கழற்றிப் பார்த்தான், மூடினான். பையிலிருந்து ஒரு சின்ன வயரை எடுத்து ஒரு நுனியை ரிசீவரிலும் மறு நுனியைத் தன் போனிலும் சொருகினான்.

நாதஸ்வரம் அறையை நிரப்பிக்கொண்டு கிளம்பியது. டிரம்மின் மூடி அதிர்ந்தது. முன்னறையிலிருந்து பாக்கியநாதன் எட்டிப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்று கேட்டு, "என்னோடதைவிடத் தெளிவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பவுலினாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பெட்டியில ஒரு பிழையும் இல்லைக்கா. முதல் பெட்டியும் நல்லதாத்தான் இருந்திருக்கும்." ரொஷான் அவளுடைய போனை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினான். "இதுல ஒரே பேரு ரெண்டு தடவை காட்டுது. நீங்க எதைத் தொட்டீங்களோ! புளூடூத்தே வேணாம். வயர்லயே கேளுங்க."

"அதை விடுடா. நாம பேசினது வெளியில போனது எப்படி? அதைச் சொல்லு."

"அதுதான் எனக்கும் புரியல. ஆனா யாரு செஞ்சிருந்தாலும் புண்ணியவான்" என்றான் ரொஷான், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து உதறிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலு பேராகப் போனார்கள். மரியபுஷ்பம் தேத்தண்ணீரும் பலகாரமும் வைத்தாள். அனுஷ்கா தலையைக் குனிந்தபடி, "சம்மதம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பவுலினாவும் சிரித்தாள். ஆனால் யார் வீட்டு ஜன்னலைப் பார்த்தாலும் அவளுக்குத் திக்கென்றது. தோட்டத்தில் எங்கேயோ ஒரு காது இருக்கிறது. அது யாருடையது?

திங்கட்கிழமை நாலு மணிக்கு வயரைச் சொருகிவிட்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

லெட்சுமி நின்றாள். ஓடி வந்திருக்கிறாள் போல, நெஞ்சு ஏறி இறங்கியது. பவுலினா மருந்துப் பையைத் தேடினாள்.

"யாருக்குடி வலி? கொழுந்து மலையிலயா, லயத்து வீட்டுலயா?"

"யாருக்கும் வலியில்ல மிஸ். உங்களது மாதிரியே ஆபீஸ்லயும் இருக்கிற புளூடூத் செட்டுலேருந்து மடுவத்து ஸ்பீக்கருக்கு உங்க பேச்சு சனிக்கிழமையும் வரல, இன்னைக்கும் வரல. தம்பி கடைசியில எந்த ரிசீவர்னு முடிவு பண்ணுச்சுன்னு தெரியாம, மூணு மலைப் பொம்பளைங்களும் வீட்டுக்குப் போகாம அங்கேயே நிக்கிறாங்க!"