ஏறாத ரோட்டுக்கு ஏற்ற டயர்

அன்று காலை ஏழு மணிக்கு நான் ஒரு வரலாற்று முடிவெடுத்தேன். ஏழு ஐந்துக்கு, அதை மனைவியிடம் மறைப்பது என்று இன்னொரு முடிவெடுத்தேன். முதலாவது எப்படியோ தேறிவிட்டது. இரண்டாவது அன்று பொழுது சாயும்வரைகூடத் தாங்கவில்லை.

முடிவு இதுதான். என் பழைய ஜீப்புக்குச் சேற்று டயர் மாட்ட வேண்டும். பாதையே இல்லாத இடத்தில் ஓட்ட வேண்டும். நுவரெலியாவில் லோஜன் என்று ஒருவர் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை ஐந்தாறு ஜீப்புகளைக் கூட்டிக்கொண்டு காடு, ஓடை, கைவிட்ட தேயிலை மலை என்று சுற்றி வீடியோ போடுகிறார். வீடியோவில் ஜீப்புகள் எருமை மாதிரி சேற்றில் கிடக்கின்றன. ஓட்டுகிறவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாண வீடியோவில்கூட எந்த மாப்பிள்ளை முகத்திலும் அதை நான் பார்த்ததில்லை.

என் பெயர் நிரஞ்சன். கொட்டகலை பஜாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக ஊர்க்காரர்களின் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மனிதனுக்கு வாழ்க்கையில் அசலாக ஒன்றாவது வேண்டாமா?

மனைவி ஜீவராணி மிட்வைஃப். சுற்றியிருக்கும் தோட்டங்களில் எந்த லயத்து வரிசை வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள் என்பது புருஷன்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவளிடம்தான் நான் டயரை ஒளிக்கப் பார்த்தேன்.

நேரே ரிஸ்வி நானாவின் டயர் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நானா, சேத்துல போற டயர் வேணும்."

"எவ்வளவு சேத்துல தம்பி?"

"ஜீப்பே காணாமப் போற சேத்துல. வர்ற ஞாயித்துக்கெழம லோஜன் ஆளுங்களோட போறேன்."

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு டயரை உருட்டி வந்து நிறுத்தினார்.

"இது ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும். அமைதியான டயர். இந்தா, இது பெரிய பட்டன், கட்ட கட்டயா இருக்கு பாருங்க. நடுவுல சேறு அடைக்காது, உதறிக்கிட்டே ஏறும். ஆனா ஒன்னு, தார் ரோட்டுல போனா ஊளையிடும்."

"எவ்வளவு சத்தம் வரும்?"

"பக்கத்து சீட்ல ஆள் பேசுறது கேக்காது."

"அதையே நாலு குடுங்க."

"அஞ்சா எடுங்க. ஸ்பேர் வேற சைஸா இருந்தா காட்டுல நிக்க வேண்டியதுதான். அதுக்காக ஒரேயடியா பெருசு கேக்காதீங்க. ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சா மட்காட்ல ஒரசும்."

மத்தியானத்துக்குள் டயர் மாட்டியாகிவிட்டது. மண்வெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் கொடுக்க இரண்டு பலகை எல்லாம் பின்னால் ஏற்றினேன். ஆழத் தண்ணீரில் எஞ்சின் மூச்சுத் திணறக் கூடாதல்லவா? அதற்காக ஒரு குழாயை ஜீப்பின் பக்கவாட்டில் கூரை உயரத்துக்குக் கட்டினேன். பிறகு ஒன்றுமே நடக்காதது போல வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். டயர் ஊளையிட்ட சத்தத்தில் தெருநாய்கள் எல்லாம் கூடவே ஓடி வந்தன.

ஜீவராணி வாசலில் நின்றாள்.

"என்னங்க, நம்ம ஜீப்பு காலையில இருந்ததுக்கு இப்ப வளந்திருக்கு?"

"பழைய டயர் தேஞ்சு போச்சு ராணி. மழை வருது. எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்."

"என் பாதுகாப்புக்கு மண்வெட்டி எதுக்கு?"

"அது... சும்மா கெடக்கட்டும்னு."

"கூரைத் தண்ணி போற குழாயக் காணோம். நீங்க பாத்தீங்களா?"

நான் ஜீப்பைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவள் ஜீப்பை மட்டுமே பார்த்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம லோஜன் ஆளுங்களோட உடப்புசல்லாவ பக்கம் போறீங்களாமே. கமறியா சொன்னா."

கமறியா ரிஸ்வி நானாவின் மனைவி. ஜீவராணியின் உயிர்த்தோழி. டயர் கடைக்கும் எங்கள் அடுப்படிக்கும் நடுவில் இப்படி ஒரு நேர்வழி இருப்பதை நான் மறந்தே போனேன்.

இடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

கண்ணைத் திறந்தேன். அதே மனைவிதான்.

"நெசமாவா?"

"ஆம்பளைக்கு ஒரு ஆசை இருக்கக்கூடாதா? நான் சனிக்கெழமையே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஞாயித்துக்கெழம கோயில் திருவிழா."

"நானும்... வரணுமா?"

"நான் கூப்பிட்டேனா? பதினோரு வருசத்துல ஒரு தடவையாச்சும் கூப்பிட்டிருக்கேனா?"

இல்லை. சத்தியமாக ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. தங்கமான மனைவி.

அந்தப் பதினோரு வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் மீனம்மா உடப்புசல்லாவைக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிறார். கல்யாணமான புதிதில் திருவிழாவுக்கு இதே ஜீப்பில் போனேன். பாதி ஏற்றத்தில் ஜீப் புதைந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். அசையவில்லை. மாமியார் வந்தார். ஒரு தோளைக் கொடுத்தார். ஜீப் வெளியே வந்துவிட்டது. "மாப்ள, நீங்களும் எறங்கித் தள்ளியிருக்கலாமே," என்று மட்டும் கேட்டார். மலையே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் நின்று சூளுரைத்தேன்: "இந்த ரோட்டுக்கு ஏத்த டயர் மாட்டாம இனிமே இந்தப் பக்கம் ஏறவே மாட்டேன்!"

அன்று முதல் திருவிழா என்றால் ஜீவராணி மட்டும் போவாள். "ரோடு சரியில்லையே" என்று நான் பெருமூச்சு விடுவேன். பெருமூச்சு விட்டுவிட்டு நிம்மதியாகக் கோழி வாங்கிச் சமைப்பேன். பாவம், அவள் அந்த ஏற்றத்தை நடந்தே ஏறி இறங்கி வருவாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் திரும்பி வந்தால் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. அப்படி ஒரு நடை அவளுக்கு.

உடப்புசல்லாவை என்றதும் லேசாக உதறியது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் எத்தனையோ தோட்டம். மாமியார் இருப்பது ஒன்றில். பயப்பட என்ன இருக்கிறது?

அன்று இரவே ஜீவராணி என் பயிற்சியாளராகிவிட்டாள்.

"வண்டிய மட்டும் தயார் பண்ணாப் போதுமா? ஓட்டுற ஆளையும் தயார் பண்ண வேணாமா?"

"பண்ணணும் பண்ணணும்."

"ஒரு வாரத்துக்குக் கவிச்சி கெடையாது. வயிறு கனமா இருந்தா அந்தக் குலுக்கல்ல பொரட்டும்."

நியாயமாகப் பட்டது. கருவாட்டுப் பானையைக் கமறியா வீட்டுக்கு அனுப்பினாள். நான் ஒளித்து வைத்திருந்த போத்தலும் அதோடு போனது.

"தரையில பாய் போட்டுப் படுங்க. முதுகு உறுதியாகும்."

படுத்தேன். கொட்டகலைத் தரையின் குளிர் எலும்புவரை விசாரித்துவிட்டுப் போனது.

"விடிகாலையில பச்சத்தண்ணில குளிங்க. ஓடைக்கு நடுவுல வண்டி நின்னா எறங்க வேணாமா?"

குளித்தேன். பக்கத்து வீட்டுக் கந்தப்பன் அண்ணன் என் அலறலைக் கேட்டு இரண்டு நாள் ஓடி வந்தார். மூன்றாம் நாள் அதை அலாரமாக வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு மஞ்சள் துண்டை நூலில் முடிந்து என் வலது மணிக்கட்டில் கட்டினாள். "ஸ்டேரிங் புடிக்கிற கை. சுளுக்கு வராது."

இப்போது உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. எனக்கு அப்போது மண்டை முழுக்க டயர். பதிலுக்கு நானும் அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

"சேத்துல ஏறும்போது டயர்ல காத்தக் கொறைக்கணும் ராணி. முப்பத்திரெண்டு இருந்தா பதினெட்டுக்கு எறக்கணும். அப்பதான் டயர் பரந்து நெலத்தக் கவ்வும். மொறப்பா நின்னாத்தான் வழுக்கும்."

"அப்படியா? மொறப்பா நின்னா வழுக்குமா?" என்று கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டது அதுவே முதல் தடவை. உள்ளபடியே எனக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமை காலை அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது என் பையில் ஒரு மஞ்சள் வேட்டியை மடித்து வைத்தாள். "நனைஞ்சா மாத்திக்கங்க."

ஞாயிறு. ஆறு ஜீப். லோஜன் முன்னால். என் பக்கத்து சீட்டில், வழி சொல்ல, ரிஸ்வி நானா. "நம்ம டயர் எப்படி வேலை செய்யுதுன்னு நான் பாக்க வேணாமா தம்பி?" என்று தானாகவே வந்து ஏறிக்கொண்டார்.

தார் ரோடு முடிந்த இடத்தில் எல்லோரும் இறங்கிக் காற்றை இறக்கினோம். பிறகு தொடங்கியது ஐயா! கைவிட்ட தேயிலை மலை. ஆள் உயரத்துக்கு மானாப்புல். முன்னால் போகிற ஜீப் தெரியாத அளவுக்குப் பனி. நானா "எடது," "சோத்துக்கை," "மெதுவா" என்று சொல்லச் சொல்ல, என் டயர் சேற்றை உதறிக்கொண்டு ஏறியது. ஓடையில் இறங்கினேன். கூரைத் தண்ணீர்க் குழாய் கௌரவமாக மூச்சு விட்டது. அக்கரையில் லோஜனின் ஜீப்பே சிக்கி நின்றது. பலகையைக் கொடுத்து, கயிற்றைக் கட்டி, நான் இழுத்தேன். நான்! போட்டோகொப்பிக் கடை நிரஞ்சன்!

"அண்ணே, கலக்கிட்டீங்க," என்றார் லோஜன். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கடைசி ஏற்றத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்டது.

"நானா, பக்கத்துல ஏதோ கோயில் போல."

"ஏறுங்க தம்பி. மேல தெரியும்."

ஏறினேன். பனி விலகிய இடத்தில் ஒரு கோயிலின் பின்பக்கம் தெரிந்தது. தோரணம் தெரிந்தது. ஊரே கூடி நின்றது. கூட்டத்துக்கு முன்னால், ஆரத்தித் தட்டோடு, என் மாமியார்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. நல்ல டயர்.

"வாங்க மாப்ள," என்றார் மாமியார். "அந்தா பாருடி ராணி, சொன்னபடியே டயரோட வந்துட்டாரு!"

நான் நானாவைப் பார்த்தேன். நானா வானத்தைப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியாது தம்பி. கமறியா ஒரு வழி சொன்னா. நான் அத லோஜன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்."

ஜீவராணி பட்டுச் சேலையில் வந்தாள். செருப்பில் அன்றைக்கும் சேறு இல்லை.

"ராணி, என்னது இது? நீ என்னயக் கூப்பிடவே இல்லையே!"

"கூப்பிடக் கூடாதுங்க. அதான் வேண்டுதல்." அம்மன் சன்னதிச் சூலத்தைக் காட்டினாள். அதில் வெளுத்துப்போன மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. "பதினோரு வருசத்துக்கு முன்னாடி, நீங்க ரோஷமாப் பேசிட்டு எறங்குன அன்னிக்கே காசு முடிஞ்சு கட்டிட்டேன். நான் கூப்பிடாம, அவரு சொன்ன டயரோட, அவராவே வந்து நிக்கணும். வந்து நின்னா, அவரு கையாலயே பால்குடம் எடுப்பாருன்னு."

"பால்குடமா? அதுக்கு விரதம்லாம் இருக்கணுமே! ஒரு வாரம் கவிச்சி திங்காம, தரையில படுத்து, விடியக்காலையில பச்சத்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். என் வலது கை மணிக்கட்டைப் பார்த்தேன்.

"வேட்டி பையில இருக்கு," என்றாள் ஜீவராணி.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த வாசலில் "மாப்ள வரலியா?" என்று எத்தனை பேர் அவளைக் கேட்டிருப்பார்கள்! நான் கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவள் இங்கே தனியாக நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேட்டியைக் கட்டினேன்.

மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையிலிருந்து கோயிலுக்கு, நான் ஜீப்பில் வந்த அதே பின்பக்கச் சேற்று வழி. வெறுங்கால். தலையில் குடம். முன்னால் தப்பு. பத்தாவது எட்டில் கால் சறுக்கியது.

"பாதத்த நல்லாப் பரத்தி வைங்க," என்றாள் பக்கத்தில் வந்த ஜீவராணி. "மொறப்பா நின்னாத்தான் வழுக்கும்."

பரத்தி வைத்தேன். வழுக்கவில்லை. சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு சொட்டுச் சிந்தாமல் அம்மனுக்குப் பாலை ஊற்றினேன். ஜீவராணி சூலத்திலிருந்து முடிச்சை அவிழ்த்தபோது அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. அதற்காக இன்னும் ஐந்து டயர்கூட வாங்கலாம்.

அன்னதானத்தில் முதல் இலை எனக்கு. லோஜன் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து வெளுத்துக் கட்டினார்கள். மாமியார் தன் கையால் எனக்குப் பாயாசம் ஊற்றினார். நானும் சும்மா இருக்கக் கூடாதே என்று, "இனிமே கவல இல்ல அத்தை. இந்த ரோட்டுக்குன்னே மாட்டுன டயர். வருசா வருசம் வந்துருவேன்," என்றேன்.

மாமியார் என் முழங்கால்வரை ஏறியிருந்த சேற்றைப் பார்த்தார். வாசலில் கழற்றி வைத்திருந்த மகளின் செருப்பைப் பார்த்தார். இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"அடுத்த வருசம் இவ்வளவு செரமப்பட வேணாம் மாப்ள, அவளோட பஸ்லயே வந்துருங்க. முன்பக்கம் கொங்கிறீட் ரோடு போட்டு மூணு வருசமாச்சு, கோயில் வாசல்லதான் நிக்கிது பஸ்ஸு."