இலாகாக் காக்காவின் பிராந்திய சபை

இலங்கை அரசாங்கத்தின் இலாகாக்கள் எல்லாவற்றையும் அடிமுதல் நுனிவரை அறிந்தவர்கள் 1950களில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் கொழும்பில் பெரிய நாற்காலி ஒன்றில் இருந்திருக்க வேண்டும். அவரை நான் பார்த்ததில்லை. மற்றவர் கல்முனையில், டி.ஆர்.ஓ. என்ற பிரிவுக் காரியாதிகாரியின் கந்தோர் வாசலில், கால் ஆடும் முக்காலி ஒன்றில் இருந்தார். உத்தியோகம் பியோன். அவருக்குச் சொந்தப் பெயரும் இருந்தது. அது சம்பளப் பட்டியலோடு சரி. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அவர் இலாகாக் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

நான் அந்தக் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தது 1953இல். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். ஆகவே அப்போது எங்களுக்கு மேலே மட்டக்களப்புக் கச்சேரி என்ற மாவட்டக் காரியாலயம், அதன் தலைவராக அரசாங்க ஏஜண்டர். அதற்கும் மேலே கொழும்பு. இந்த மூன்றுக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாகத் தபால் பை சுமந்தவர் காக்கா. எந்தக் கடிதம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், யார் தட்டினால் எழும்பும் என்பது டி.ஆர்.ஓ.வுக்குத் தெரியாது. காக்காவுக்குத் தெரியும்.

குறையோடு வருகிறவர்கள் முதலில் முக்காலியைத் தாண்ட வேண்டும். ஒருநாள் இறக்காமத்து விவசாயி ஒருவர் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

"காக்கா, யானை வந்து வயலை மிதிச்சிட்டு. ஆருக்குப் பெட்டிசம் போடுற?"

"யானை இப்ப எங்க நிக்கி?"

"இதென்ன கேள்வி காக்கா?"

"கேள்வியிலதான் எல்லாம் இரிக்கி. காட்டுக்குள்ள நிண்டா வன இலாகா. குளக்கட்டில நிண்டா நீர்ப்பாசன இலாகா. ரோட்டுல நிண்டா மராமத்து இலாகா. வயலுக்குள்ள நிண்டா நம்மட டி.ஆர்.ஓ. சொல்லு, எங்க நிக்கி?"

"அது நடந்துக்கிட்டல்லவா இரிக்கி!"

காக்கா கண்ணை மூடி யோசித்தார். "அப்ப நாலு பெட்டிசம் எழுதி மடியில வெச்சிக்க. எங்க நிக்கிதோ அந்த இலாகாவுக்குக் குடு. அதை நிப்பாட்டுறது மட்டும் ஒன்ட பொறுப்பு."

அந்த நாலு பெட்டிசத்தையும் எழுதியது நான்தான். மூன்று இலாகாக்களிலிருந்து பதிலே இல்லை. மராமத்து இலாகா மட்டும் மூன்று மாதம் கழித்து, அந்த யானை ரோட்டுக்கு ஏதும் சேதம் செய்ததா என்று விசாரித்து எழுதியது. காக்கா அந்தக் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். "பாத்தீங்களா தம்பி, வேலை செய்யிற இலாகா!" என்பார்.

நோயிலும் அவர் தடம் மாறவில்லை. காய்ச்சலும் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்த ஒருமுறை, ஆஸ்பத்திரி டாக்டரிடம் அவரே வழிகாட்டினார்: "காய்ச்சல் மத்திய அரசாங்கம், டாக்டர். அது மெல்லமாப் போகட்டும். வயிறு உள்ளூராட்சி. அதை ஒடனே பாருங்க."

சாய்ந்தமருதில் அவர் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் கிடுகு வேலி ஒன்று, அதில் நல்ல ஓட்டைகள். ஆகவே நான் எழுதுவது கண்ணால் கண்டது. வீட்டையும் அவர் கச்சேரியாகவே நடத்தினார். குசினி, உணவு இலாகா. கிணறு, நீர்ப்பாசனம். கோழிகள், கால்நடை இலாகா. அரிக்கன் லாம்பு, மின்சார இலாகா; எங்கள் தெருவுக்கு மின்சாரம் வராததால் காத்திருக்கத் தேவையில்லை என்று முன்கூட்டியே திறந்துவிட்டார். அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்று அழைப்போம். பெரும்பாலான இலாகாக்களுக்கு ராத்தாதான் தலைமை. காக்கா அரசாங்க ஏஜண்டர். உப்பு முடிந்தாலும் துண்டெழுதி அனுப்ப வேண்டும். துண்டுகளைப் பதிந்து இலக்கமிட்டு வைப்பது மகள் றஹீமாவின் வேலை.

"ஒங்கட நீர்ப்பாசனத்தில வாளி ஓட்டை," என்று ராத்தா கிணற்றடியிலிருந்து சத்தம் போடுவார்.

"அறிக்கை குடு."

"வாளியில தண்ணி இல்ல. அதால ஒங்களுக்குத் தேத்தண்ணியும் இல்ல. இதுதான் அறிக்கை."

அரை மணி நேரத்தில் வாளி அடைபட்டுவிடும். கச்சேரியில் எந்த அறிக்கைக்கும் இந்த வேகம் கிடையாது.

இப்படி ஆனந்தமாக நடந்த ஆட்சிக்கு 1957இல் ஆபத்து வந்தது. றஹீமாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பொருந்தியது. நெசவுக் குடும்பம், நல்ல பையன், இரண்டு பக்கமும் சந்தோஷம். வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் கரையில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டுக்கு மகள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதப்படும். தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இது வழக்கம்; யாரும் இதைத் தியாகம் என்று நினைப்பதில்லை.

காக்கா பின்வளவில் வீடு கட்டினார். ஓலை வேய்ந்தார். மாமரத்தடியில் பந்தலுக்கு அளந்தார். உறுதியில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசு மூன்று முறை வந்து மூன்று முறையும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கேட்டால் ஒரே பதில்: "விஷயம் ஆலோசனையில இரிக்கி."

நிக்காஹ் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நிச்சயமாகியிருந்தது. முந்திய ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் மாமா சொல்லியனுப்பினார்: வியாழக்கிழமைக்குள் உறுதி கைக்கு வராவிட்டால் மாப்பிள்ளை மருதமுனையை விட்டுப் புறப்படமாட்டார். றஹீமா அன்று சாப்பிடவில்லை. ராத்தா வேலி ஓட்டைக்கு வந்தார். முதன்முறையாக அவர் குரலில் பகிடி இல்லை.

"தம்பி, மனிசன் வீட்டுக்கு ஆசப்பட்டு இல்ல. கந்தோரில அவர் பியோன். ஆரு மணியடிச்சாலும் எழும்பி ஓடுற மனிசன். இந்த ஒரு வீட்டுலதான் அவர் ஏஜண்டர். பின்வளவுக்குப் போனா அவர் ஆருக்கு ஓடர் போடுற? எனக்கா?"

"போடட்டுமே ராத்தா."

"இவ்வளவு நாளும் நான் எப்ப கேட்ட?" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கொழும்பில் பிரதமரும் தமிழர் தலைவர் ஒருவரும் உடன்பாட்டுக்கு வந்த செய்தி பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜூலைக் கடைசியில் செய்தி வந்தது. பிராந்திய சபைகள் வரும். கிழக்கு மாகாணத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கலாம். விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், கைத்தொழில், மீன்பிடி, வீடமைப்பு, வீதி என்று பல அதிகாரங்கள் அவற்றுக்குப் போகும். நான் அந்தத் தாளைக் கத்தரித்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அதைக் காக்காவிடம் கொடுத்தேன். அவர் அன்று முழுவதும் யாரையும் எந்த இலாகாவுக்கும் அனுப்பவில்லை. வாசித்தார், மடித்தார், திரும்ப விரித்து வாசித்தார்.

"தம்பி, இதில மத்தி இல்லாமப் போகல்ல. கவனிச்சீங்களா?"

"ஓம் காக்கா. அதிகாரத்தைப் பிரிச்சுக் குடுக்கிறதுதான். மத்தி மத்தியாத்தான் இரிக்கும்."

"அப்ப குடுக்கிறது தோக்கிற இல்ல." அவர் முக்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் அவர் வீட்டில் மாநாடு கூடியது. ஒரு பக்கம் காக்கா. மறுபக்கம் சண்டைக்குத் தயாராக வந்த மாப்பிள்ளையின் மாமா. சாட்சிக்கு நான். மணப்பெண் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வர முடியாது. ஆகவே றஹீமா கதவுத் திரைக்குப் பின்னால் கொப்பியோடு இருந்தாள். ஒப்பந்தத்தின் வாசகம் ஒவ்வொரு தாளாகத் திரைக்கு அடியால் வந்தது.

"உறுதி எங்க?" என்றார் மாமா.

"வரும். முதல்ல அதிகாரத்தைப் பிரிப்பம். முன்வீடு பிராந்தியம். பின்வீடு மத்தி. கோழி மத்திக்கு."

"கோழி ஆருக்கு வேணும்? வீடு கேட்டு வந்த நான்!"

திரைக்கு அடியால் ஒரு துண்டு வந்தது. நான் வாசித்தேன்: கோழிகள் பின்வளவில் மேய்ந்தாலும் முட்டையிடுவது முன்வீட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால்.

காக்கா அதிர்ந்து போனார். மாமா முதல் தடவையாகக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப கோழி மத்திக்கு, முட்டை பிராந்தியத்துக்கு. அதுதான் நியாயம்."

"அநியாயம்! கால்நடை முழு இலாகா. அதைப் பிரிக்க ஏலா!"

இந்த ஒரு விஷயத்தில் முக்கால் மணி நேரம் போனது. அசறுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு, வரும் வழியிலும் முட்டையையே கதைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியில் பாதிப்பாதி என்றானது. கிணறு இருவருக்கும் பொது; இரண்டு பிராந்தியங்கள் ஒரு காரியத்துக்காகச் சேர்ந்து இயங்கலாம் என்று பேப்பரிலேயே இருப்பதாகக் காக்கா விரலால் காட்டினார். இப்போது மாமாவும் தாளை வாங்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"பொறுங்க. மாப்பிள்ளைக்குத் தறி வைக்கோணும். கைத்தொழில் ஆருக்கு?"

"பிராந்தியத்துக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்! நல்ல அரசாங்கம்."

மிச்ச அதிகாரங்களை றஹீமா பத்திரிகையைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பினாள். முட்டையில் களைத்துப்போன காக்கா ஒவ்வொரு வரிக்கும் "சம்மதம், சம்மதம்" என்றார். அடுத்த நாள் காலை நொத்தாரிசு வந்தார். காக்கா உறுதியில் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தார், நிக்காஹ் நடந்தது, நான் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அரைநாள் கந்தோர். காலையில் வேலிக்கு அப்பால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எட்டிப் பார்த்தேன். காக்கா காக்கிச் சட்டை போட்டு, சைக்கிளைப் பிடித்தபடி, பின்வளவின் எல்லையில் அசையாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. பின்வீட்டிலிருந்து தெருவுக்குப் போக முன்முற்றத்தைத் தவிர வழியில்லை. ஒப்பந்தப்படி வீதி பிராந்தியத்துக்கு. ஒரு யானைக்கு நாலு இலாகாவில் இடம் ஒதுக்கிய மனிதர், தனக்கு வெளியே போக ஒரு ஒற்றையடிப் பாதையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

புதுமாப்பிள்ளை பதறிப்போய் வந்தார். "மாமா! என்னத்துக்கு வெளிய நிக்கிறீங்க? வாங்க."

"நான் வெளிய நிக்கல்ல மருமகன். மத்தியில நிக்கன்," என்று ஒரு தாளை நீட்டினார். "இதை உள்ள குடுங்க."

முற்றத்தைச் சைக்கிளோடு கடக்க அனுமதி கோரும் விண்ணப்பம் அது. றஹீமா புதுச்சேலையோடு வெளியே வந்தாள். தாளை வாங்கி, தகப்பனைப் போலவே மூக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"எந்த இலாகா?"

"வீதி."

"வீதியை ஏன் வாப்பா எங்களுக்குத் தந்த?"

"முட்டையைப் பாத்துக்கிட்டு இருந்திட்டன் மனே."

பின்வீட்டுக்குள்ளிருந்து ராத்தா சிரிக்கும் சத்தம் கேட்டது. றஹீமா படியில் உட்கார்ந்து, தாளின் அடியில் எழுதிக் கொடுத்தாள். பிறகு காக்கா அதை எனக்குக் காட்டினார். அன்றே நான் பிரதி எடுத்துக்கொண்டேன். 'அனுமதிக்கப்படுகிறது. போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் இந்தப் பிராந்தியத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டே செல்ல வேண்டும். இக்கட்டளைக்கு முடிவுத் திகதி இல்லை.'

காக்கா அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சைக்கிளை மாமரத்தில் சாய்த்துவிட்டு, தான் கட்டிய வீட்டுக்குள் விருந்தாளியாக ஏறினார். இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக, எட்டரைக்குத் திறக்கும் கந்தோருக்கு இருபது நிமிடம் பிந்தி வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, "மேலிடத்து ஓடர், தம்பி," என்றார். அன்றைக்கு அவரைப்போல் சந்தோஷமான அரசாங்க உத்தியோகத்தர் இலங்கையில் இருந்திருக்க முடியாது.

கொழும்பு உடன்பாட்டை அடுத்த வருஷம் ஏப்ரலில் கைவிட்டார்கள். சாய்ந்தமருது உடன்பாடு மட்டும் மீறப்படவில்லை. நான் மாற்றலாகிப் போகும்வரை காக்கா ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் பிந்தித்தான் வந்தார். வரவு நேரம் எழுதுவது என் வேலை. திகதிகளிலும் நேரங்களிலும் தெரிந்துகொண்டே நான் எழுதிய பொய் வாழ்நாளில் ஒன்றே ஒன்று. அதைத் தினமும் காலையில், மனநிறைவோடு, எட்டரை என்று எழுதினேன்.