அண்ணை, அந்த வாழ்த்து விளம்பரத்தை நிறுத்துங்கோ

கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்திலிருந்து,
திங்கட்கிழமை மதியம்.

பேரன்புள்ள பெரியண்ணைக்கு,

உங்கள் கடைசித் தங்கை தக்சாயினி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் நலம். பான் நகரில் படிக்கும் மகள் ஆதிரை தானாகத் தொலைபேசி எடுப்பதில்லை என்பதால் அவளும் நலமென்றே கொள்கிறோம். அங்கே நீங்களும், அண்ணியும், அண்ணியின் முழங்காலும் சுகமாயிருக்க நல்லூரான் துணை நிற்க வேண்டும். இதைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் ஒலிபெருக்கியில் போடுவீர்கள், நான் முடிக்குமுன் கனடாவில் ஸ்காபரோ முழுவதும் கேட்டுவிடும்.

இன்று காலை குடும்பக் குழுவில் நீங்கள் போட்ட விளம்பர மாதிரியைக் கண்டேன். “ஜெர்மன் நாடாளுமன்றம் ஏகும் எங்கள் மைத்துனர் குணசேகரம் அவர்களை வாழ்த்துகிறோம்” என்று எழுதி, பின்னால் பெர்லின் கண்ணாடிக் குவிமாடத்தை வைத்து, முன்னால் எங்கள் கல்யாணப் படத்தில் என்னை வெட்டி எடுத்துவிட்டு இவரை மட்டும் மாலையோடு நிறுத்தியிருக்கிறீர்கள். என் முழங்கை மட்டும் ஓரத்தில் மிச்சமிருக்கிறது. வியாழக்கிழமை பேப்பரில் வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, தயவுசெய்து நிறுத்துங்கோ. முதலாவது, இது நாடாளுமன்றமல்ல. எங்கள் சின்ன நகரத்தின் நகரசபை. வேலி எத்தனை உயரம் வளரலாம், நீச்சல் குளம் எப்போது திறக்கலாம் என்பதுபோன்றவற்றைத்தான் அங்கே தீர்மானிப்பார்கள். இரண்டாவது, வாக்கெடுப்பு நேற்றுத்தான் நடந்தது, இன்னும் எண்ணி முடியவில்லை. இங்கே வாக்காளர் தனக்குப் பிடித்த ஒருவருக்கு மூன்று வாக்குவரை கொடுக்கலாம், பிடிக்காதவரை வெட்டலாம் என்பதால் எண்ணுகிறவர்களுக்கே தலை சுற்றும். மூன்றாவது, இவருடைய பெயர் வேட்பாளர் பட்டியலில் கடைசிக்கு முதல். கடைசிப் பெயர் என்னுடையது. பட்டியலில் பெண்கள் குறைகிறார்கள் என்று சுயேச்சை வாக்காளர் சங்கத் தலைவர் கெஞ்சியதால், அந்த அடிவரை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள் என்ற உறுதியின்பேரில் கையெழுத்திட்டேன். பந்தியில் ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு இருத்துவதில்லையா, அதுபோல.

இவர் ஏன் இந்த வேலைக்கு இறங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் மைத்துனர் பெண் பார்க்க வந்த அன்று “ஓம்” என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாதவர் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் கொட்லீப் ஃபொல்மர் என்ற மனிதர். அவர் இறந்து எண்பது வருடத்துக்கு மேலாகிறது. இவருடைய சலவைக்கடை இருக்கும் கட்டடத்தின் வாசலில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. “அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர் கொ. ஃபொல்மர் பிறந்த இல்லம்” என்று அதில் எழுதியிருக்கும். இவர் கடை தொடங்கிய நாள் முதல் அதைப் பிள்ளையாருக்குச் செய்வதுபோல வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வருகிறார், ஆர் அந்த ஆள் என்று ஒருபோதும் கேட்டதில்லை. போன மாரியில் ஃபொல்மரின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அவருடைய வாழ்க்கைக் கதையை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து அனுப்பினார்கள். நகரசபை அதில் ஒன்றைக் கடையில் கொண்டுவந்து வைத்தது. ஆங்கிலம் என்பதால் நான் வாசித்தேன், இவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டபடி கேட்டார்.

வாழ்க்கை இப்படி. பதினாறு வயதில் கப்பலேறியவர், துணி பிழியும் உருளை இயந்திரத்தைத் தோளில் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாக நடந்து விற்றிருக்கிறார். பிறகு அதையே செய்யும் தொழிற்சாலை வைத்தார். என் வயதை நெருங்கும்போது மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார். மற்ற வேட்பாளர்கள் வாக்காளருக்குச் சுருட்டும் பீரும் கொடுத்தபோது ஃபொல்மர் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி ஒரு குவளை தண்ணீர் கேட்டார். “கொடுத்தவனைச் சனம் மறந்துவிடும், தாங்கள் கொடுத்ததை மறக்காது” என்று மனைவியிடம் சொன்னாராம். வென்றார். சபையில் ஒரேயொரு சட்டம் கொண்டுவந்தார்: ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் குடிதண்ணீர் இலவசமாக இருக்க வேண்டும். ரயில் கம்பனியின் ஆள் அதை எதிர்த்து மத்தியானம் முழுவதும் பேசி முடித்தபோது ஃபொல்மர் எழுந்து, ஒன்றும் சொல்லாமல், ஒரு குவளை தண்ணீரை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் குடித்துவிட்டார். சபை சிரித்தது, சட்டம் நிறைவேறியது.

நான் இதை நம்பவில்லை. பேரப்பிள்ளைகள் எழுதும் சரித்திரத்தில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. நான் இரசாயனம் படித்தவள், நகரத்துத் தண்ணீரைப் பரிசோதிப்பது என் தொழில். சோதிக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. அந்த மாநிலச் சபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் இருந்தன. தேடினேன். அந்த நாளின் கீழ் இரண்டு வரிதான் இருந்தது. “திரு. ஃபொல்மர் தண்ணீர் வழங்கினார். தீர்மானம் நிறைவேறியது.” அண்ணை, அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். எனக்கு மனிதரைக் கண்டு மலைக்கும் பழக்கம் குறைவு. இந்த ஃபொல்மரைக் கண்டு மலைத்தேன். கடைசி அத்தியாயம் இன்னும் மோசம். அடுத்த தேர்தலில், தனக்கே வாக்களித்த ஊரின் கிணறுகள் அழுக்கு என்று மேடையில் உண்மையைச் சொல்லித் தோற்றுப்போனார். திரும்பப் போய்த் துணி பிழியும் இயந்திரம் விற்றார். அதிலும் ஒரு முறைப்பாடும் இல்லாமல்.

நான் வாசித்து முடித்தபோது இவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“இஞ்சாரும், எங்கட ஸ்டேசன் பைப்பையும் மூடித்தானே வைச்சிருக்கினம்?”

“ஓம். பராமரிப்புக்கு ஆளில்லையாம்.”

“வெயில் காலத்தில சனம் என்ர கடைக்கு வந்துதான் தண்ணி கேக்குது. நான் எலெக்சன் கேக்கப் போறன்.”

“நீங்கள் வாய் திறந்து கதைக்கவே மாட்டியளே!”

“அவரும் கதைக்கேல்லத்தானே? தண்ணியைத்தானே வைச்சவர்.”

அடுத்த கிழமையே சுயேச்சை வாக்காளர் சங்கத்தின் பட்டியலில் பெயர் கொடுத்தார்.

பிறகு இவர் தெருத்தெருவாகப் போகத் தொடங்கினார். முதல் நாளே ஒரு கரைச்சல். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதா என்று கூச்சப்பட்டு ஒரு பெட்டி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டார். வாக்காளருக்கு ஏதும் கொடுத்தால் இங்கே வழக்கு வரும் என்று நான் வாசலில் வைத்துப் பறித்தேன். “சனம் என்ன நினைக்கும், வளர்ப்புச் சரியில்லை எண்டெல்லே நினைக்கும்” என்று வருந்திக்கொண்டே போனார். ஃபொல்மர் போலவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவளை தண்ணீர் கேட்டார். ஃபொல்மருக்குப் பண்ணைகளுக்கு நடுவே மைல் கணக்கில் வெளி இருந்தது, எங்கள் ஊரில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. நாலாவது வீட்டில் வேறொன்றும் கேட்க வேண்டியதாயிற்று. ஆதிரை தொலைபேசியில் சிரித்தாள்: “அப்பா, நீங்கள் எலெக்சனுக்குப் போறியளோ, டொய்லெட்டுக்குப் போறியளோ?” ஆனால் ஒன்று சொல்கிறேன். தன் கழிப்பறையைக் காட்டிய வீட்டுக்காரர் பிறகு ஒருவரை அந்நியராக நினைக்க முடியாது போலிருக்கிறது. தெருவில் போகும்போது என்னைப் பார்த்தும் கையசைக்கத் தொடங்கினார்கள்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. அண்ணை, முறையாகச் சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரு விசேஷத்துக்கு வரப் பிடிக்காதல்லவா? அழைப்புக் காட் கொடுத்து, வீட்டுக்குப் போய் நேரில் சொல்லி, “கட்டாயம் வரவேணும், குடும்பமா வரவேணும்” என்று இரண்டு தரம் சொன்னால்தான் சொன்ன மாதிரி. வாக்குக் கேட்பதும் அப்படித்தான் என்று இவர் முடிவு செய்து, எனக்குத் தெரியாமல், நம்மவர்களின் கல்யாணக் காட் அடிக்கும் ஒரு கடையில் ஜெர்மன் மொழியில் காட் அடிப்பித்தார். கடைக்காரர் தன் வழக்கப்படி மேலே பிள்ளையார் போட்டு, ஓரத்துக்குப் பொன் பூசி, முகூர்த்தம் வர வேண்டிய இடத்தில் “ஞாயிறு, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை” என்று வாக்களிக்கும் நேரத்தையும், “குடும்பத்தோடு வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்” என்ற வாசகத்தையும் போட்டு, அடியில் வழக்கம்போல வீட்டு விலாசத்தையும் போட்டுவிட்டார். இவர் அதைத் தெரு முழுவதும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டார். நம்மவர்கள் வாசித்திருந்தால் விளங்கியிருக்கும். விலாசம் எந்தக் கல்யாணக் காட்டிலும் இருக்கும், மண்டபம் வேறிடத்தில் இருக்கும். ஜெர்மன்காரரோ எழுதியிருப்பதை எழுதியபடி செய்கிறவர்கள்.

நேற்றுக் காலை நான் தலை துவட்டிக்கொண்டு நிற்க மணி அடித்தது. முன்வீட்டுத் திருமதி ருப்பெர்ட். குப்பையை எந்த வாளியில் போடுவது என்பதைத் தவிர இத்தனை வருடத்தில் எங்களுக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை. கையில் அப்பிள் கேக். பின்னால் புருஷன், மகள், மருமகன், தள்ளுவண்டியில் பேரப்பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் தெரு. உண்மையாகத்தான் அண்ணை, தெரு முழுவதும். வாக்குச்சாவடி தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் என்பதால், போகிற வழியில் விசேஷத்துக்குத் தலைகாட்டிவிட்டுப் போவோம் என்று, வீட்டுக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்ட வாக்குச்சீட்டுகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

இவர் குசினிக்குள் ஓடிவந்தார். “இஞ்சாரும், கெதியா ஏதும் பொரியும். ரோல்ஸ் இருக்கோ?”

“ஒண்டும் குடுக்கேலாது. எலெக்சன் அண்டைக்குச் சாப்பாடு போட்டால் கோர்ட்டில போய் நிப்பியள்.”

“வீட்டுக்கு வந்த சனத்துக்கு ஒரு தேத்தண்ணிகூட இல்லையெண்டால் நான் எந்த முகத்தோட நிக்கிறது?”

“தண்ணி குடுக்கலாம். அதுக்கு ஒருத்தரும் வழக்குப் போடாயினம்.”

ஆக, எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அத்தனை பேருக்கும் நாங்கள் கொடுத்தது வெறும் குழாய்த் தண்ணீர். அம்மா இருந்திருந்தால் என்னைத் தலைமுழுகியிருப்பா. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கேக் கொண்டு வந்திருந்தார்கள், அதையே வெட்டி ஆளுக்காள் பரிமாறினார்கள். சட்டப்படி பார்த்தால் வாக்காளர்தான் வேட்பாளருக்கு விருந்து போட்டார்கள். அதற்குத் தண்டனை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. சிலர் கேக்கோடு கண்ணாடிச் சாடிகளும் கொண்டுவந்திருந்தார்கள், உள்ளே அவரவர் வீட்டுத் தண்ணீர். இவர் ஒவ்வொரு வீட்டிலும் குவளையை வாங்கியதும் “என்ர மனுசிதான் இந்தத் தண்ணியைச் சோதிக்கிறவ” என்று ஜெர்மனில் பெருமையடித்திருக்கிறார். பேச்சில்லாத மனிதர் பேசிய பேச்சு அவ்வளவுதான். இப்போது எல்லோரும் என் குசினித் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஏன் வெள்ளைப் படிவு, ஏன் காலையில் கொஞ்சம் மங்கல், குழந்தைக்குக் கொடுக்கலாமா? நான் பூசி மெழுகத் தெரியாதவள். சாடியைப் பார்த்தால் முடிவு சொல்ல ஏலாது, முறையாக மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றேன். திரு. ருப்பெர்ட்டிடம், நகரத்துத் தண்ணீரில் குறையில்லை, உங்கள் வீட்டுப் பழைய குழாயில்தான் இருக்கும், அதை மாற்றும்வரை பேரப்பிள்ளைக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. இன்னொருவரிடம், நீங்கள் பெருமையாகப் பூட்டிய வடிகட்டிதான் அழுக்கு என்றேன். இவர் பின்னால் நின்று என் சேலைத் தலைப்பை இழுத்தார்.

“உண்மையைச் சொல்லி என்ர வாக்கைக் குறையாதையும்.”

“ஃபொல்மர் சொன்னவர்தானே?”

“அதாலதானே அந்தாள் தோத்தது!”

திருமதி ருப்பெர்ட் கேக் சாப்பிட்டபடி வாக்குச்சீட்டை விரித்து, அடிவரைக்கும் விரலை ஓட்டி, “இது நீங்களா?” என்று கேட்டா. இடம் நிரப்புவதற்காக என்றேன். “அப்படியா” என்று மடித்து வைத்துக்கொண்டா.

எல்லோரும் புறப்பட்டுப் பள்ளிக்கூடம் நோக்கிப் போனதை யன்னலால் பார்த்தேன். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, வெற்றுத் தட்டுகளை ஏந்திக்கொண்டு, ஒரு ஊர்வலம் மாதிரி. இவ்வளவு காலமும் இந்தத் தெருவில் குடியிருந்துகொண்டு, இவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று ஒரு முடிவோடு இருந்தேன். அந்த முடிவை நான் ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க, வாய் திறக்காத ஒரு மனிதரும் பிள்ளையார் போட்ட ஓர் அழைப்புக் காட்டும் தேவைப்பட்டிருக்கின்றன. என் கணவரைப் பார்த்து நான் மலைத்தது நேற்றுத்தான், இதை அண்ணிக்குச் சொல்ல வேண்டாம்.

ஆனால் அண்ணை, மலைப்பு வேறு, கணக்கு வேறு. கடைசிக்கு முதல் இடத்திலிருந்து ஒருவர் மேலே வருவது நடக்காத காரியம். அதற்குமேல் நான் என் வாயால் இவருடைய வாக்குகளைக் கரைத்துவிட்டேன். இவர் கடையில் இஸ்திரி போட்டபடி வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரே சட்டைக்குத் திரும்பத் திரும்பப் போடுகிறார். தோற்றால் இவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலை. அதற்கு நடுவே கனடாவிலிருந்து ஒரு வாழ்த்து விளம்பரம் வந்தால் இந்த மனிதர் தாங்கமாட்டார். எங்கள் குடும்பத்தில் அரசியலுக்கு ஆளில்லை, தேவையுமில்லை. ஆகவே நிறுத்திவிடுங்கோ.

அண்ணிக்கு என் அன்பு, அவவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய். இளையவள் எழுதியதில் பிழை இருந்தால் பொறுத்து, உங்கள் ஆசியை இந்த வீட்டின் மேல் வழக்கம்போல வைத்திருங்கோ.

என்றும் உங்கள் தங்கை,
தக்சாயினி

பிற்குறிப்பு: செவ்வாய் மாலை. நேற்று இதை அனுப்ப மறந்து மேசையில் வைத்துவிட்டேன். முடிவு வந்துவிட்டது. இவர் கொஞ்ச வாக்கில் தவறிவிட்டார். ஆனால் எங்கள் தெருவார் அநேகமாக எல்லோருமே சீட்டின் அடிமட்டத்தில் இருந்த பெயருக்கு மூன்று மூன்றாகப் போட்டிருக்கிறார்கள், திரு. ருப்பெர்ட் உட்பட. அவரே வந்து சொன்னார், வரும்போது குழாய்க்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து இந்தப் பதவியை மறுக்கலாமா என்று கேட்டேன். தகுந்த காரணம் இருந்தால் மட்டுமாம், கூச்சம் காரணமல்லவாம். இவர் கொஞ்சமும் வருந்தவில்லை. “நான் கதைக்கத் தேவையில்லாமல் போச்சுது” என்று சிரித்துக்கொண்டு, முதல் கூட்டத்துக்கு நான் உடுக்க வேண்டிய சேலைக்கு இஸ்திரி போடுகிறார். ஸ்டேசன் பைப்தான் முதல் அலுவல். விளம்பரத்தைப் போடுங்கோ அண்ணை. நாடாளுமன்றம் என்பதை மட்டும் வெட்டிவிடுங்கோ. அந்தக் கல்யாணப் படத்தில் நீங்கள் வெட்டி எடுத்த மற்றப் பாதி பத்திரமாக இருக்குதோ?